கேபினட் மேல் கிரவுன் மோல்டிங்: ஆணி அடிக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

சமையலறைக் கேபினட்டின் உச்சியில் கிரவுன் மோல்டிங், அதாவது சாய்வாக நிற்கும் அலங்கார மரப்பட்டை, வைக்கும் வேலையில் ஆணி அடிப்பதுதான் சுலபம். கெடுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே கெட்டுவிடுகிறது.

மோல்டிங் சாய்ந்து நிற்கும் பொருள். அதன் சாய்வு 38 டிகிரியாக இருக்கலாம், 45 ஆகவும் இருக்கலாம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மைட்டர் சா என்ற, கோணத்தில் வெட்டும் ரம்பத்திலும் அதே சாய்வில்தான் வைக்க வேண்டும், ஆனால் தலைகீழாக. ரம்பத்தின் அடித்தட்டுதான் கூரை, பின்தடுப்புதான் கேபினட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழானதும் இடமும் வலமும் மாறிவிடும். பலர் கட்டையை வீணாக்குவது இங்கேதான். துண்டுக் கட்டைகளில் இடம், வலம் இரண்டுக்கும் மாதிரி வெட்டி, "இடது வெளிமூலை" என்று அதன் மேலேயே எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் மூளையைக் கசக்க வேண்டாம். வெட்டும்போது கட்டை நழுவினாலும் கோணம் போச்சு. அடித்தட்டில் ஒரு ரீப்பரைத் தடுப்பாகப் பொருத்திவிடுங்கள்.

எல்லா மூலையும் 90 டிகிரி என்று நம்புவது அடுத்த தவறு. மாதிரித் துண்டுகளை மூலையில் சேர்த்துப் பாருங்கள், இடைவெளி தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யப் போய்க் கணக்கில் வழுக்குபவர்களும் உண்டு. மூலை 92 டிகிரி என்றால் பாதியாக்கி 46 என்று வைக்கக் கூடாது. ரம்பத்தின் அளவுகோலில் நேர்வெட்டுதான் பூஜ்யம். அதனால் 180இலிருந்து 92ஐக் கழித்து, வரும் 88இல் பாதி, அதாவது 44 வைக்க வேண்டும்.

நீளத்தை எந்த விளிம்பில் அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெளிமூலையில் மோல்டிங்கின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட நீளமாக வரும். கேபினட்டைத் தொடுவது கீழ்விளிம்பு, அளவு அதற்குத்தான். தலைகீழாக வைத்திருப்பதால் அந்த விளிம்பு ரம்பத்தில் மேலே, கண்ணெதிரேயே இருக்கும். குறியை அங்கே போடுங்கள். முதலில் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, பிறகு மெல்லச் சீவிக்கொண்டு வருவது நல்லது.

சரி, வெட்டியாயிற்று. எதில் அடிப்பீர்கள்? முன்சட்டம் (பெட்டியின் முன்பக்க விளிம்பில் பொருத்தும் மரச்சட்டம்) இல்லாத கேபினட்டில் பலகையின் மெல்லிய விளிம்பு மட்டும்தான் இருக்கும், ஆணிக்குப் பிடிமானம் கிடைக்காது. முன்சட்டம் இருந்தாலும், கதவு அதை உச்சிவரை மூடியிருந்தால் மோல்டிங் கதவில் இடிக்கும். இரண்டுக்கும் ஒரே வழிதான்: கேபினட்டின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்து, உள்ளிருந்து மேல்நோக்கி ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மோல்டிங்கை அதில் அடியுங்கள். அடிக்கும் முன் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்துவிடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் வேலை முடிந்த பிறகு ஒரு கதவாவது பழிவாங்கும்.

மோல்டிங் கூரையைத் தொடும்படி வைக்கிறீர்கள் என்றால் கூரையை நம்பாதீர்கள், அது ஏறி இறங்கித்தான் இருக்கும். கூரையைப் பின்தொடர்ந்து போனால் கேபினட்டுக்கு மேல் மோல்டிங் கோணலாகத் தெரியும். கூரையின் மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து உயரத்தை அதற்கேற்ப முடிவு செய்து, ரசமட்டம் வைத்து நேர்க்கோடு போட்டு அதை ஒட்டியே போங்கள். என்னைக் கேட்டால், இடம் இருந்தால் கூரைக்கும் மோல்டிங்குக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுவதே மேல், கோணல் கண்ணில் படாது.

பக்கவாட்டில் வரும் குட்டித் துண்டுகளைக் கனமான ஆணியால் அடித்தால் பிளந்துவிடும். மூலை இணைப்பில் மரப்பசை தடவி, ‘பின்’ (pin) எனப்படும் மெல்லிய ஆணி அடித்தால் போதும்.

கடைசியாக, இடுக்குகளை அடைக்கச் சிலிகான் வாங்காதீர்கள், அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அக்ரிலிக் கால்க் எனும் இடுக்கு அடைக்கும் பசை. மரத்தின் நிறம் தெரியும்படி பாலிஷ் என்றால் அந்த நிறத்துக்கே பொருந்தும் பட்டி. ஆனால் பாலிஷ் வேலையில் பட்டி எவ்வளவு வைத்தாலும் தெரியத்தான் செய்யும், அங்கே இணைப்பு வெட்டிலேயே சரியாக உட்கார வேண்டும்.