வக்கீல் மீது பார் கவுன்சிலில் புகாரா? வழக்கைக் கைவிடாதீர்கள்

'அந்த வக்கீலின் சன்னதை (தொழில் செய்வதற்கான பதிவுச் சான்றிதழ்) பிடுங்க வேண்டும்' என்ற கோபத்தோடு புகார் எழுத உட்காருகிறவர்களில் பலருக்கு, அந்தத் தண்டனையால் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிவதில்லை. வழக்கறிஞர்கள் சட்டம், 1961, பிரிவு 35-இன்படி, வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், வக்கீலைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். பெயர் நீங்கினால் சன்னதைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் அவர் வக்கீலாக ஆஜராக முடியாது. ஆனால் உங்கள் வழக்கின் தீர்ப்பு அப்படியேதான் இருக்கும். புகார் கொடுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை.

புகாரை நம்பி வழக்கைக் கிடப்பில் போடுவது

சொத்தையே பறிகொடுக்க வைக்கும் தவறு இது. எத்தனை முறை எச்சரித்தாலும் ஓயாதது எரிச்சலாகத்தான் இருக்கிறது. வாய்தாவுக்கு வக்கீல் போகவில்லை, எக்ஸ்பார்ட்டி டிகிரி (ஒரு தரப்பு வராததால் அவருக்கு எதிராக வரும் தீர்ப்பாணை) ஆகிவிட்டது. கட்சிக்காரர் பார் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அங்கே முடிவு வரட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறார். புகாரை முடிக்க மாநில பார் கவுன்சிலுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு; அதற்குள் முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்ய மனுப் போடவோ, சம்மன் கிடைத்தவருக்கு டிகிரி தேதியிலிருந்து 30 நாள்தான். வாதி தரப்பு வராமல் வழக்கு டிஸ்மிஸ் ஆனாலும் அதே 30 நாள். முதல் மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள், மற்ற நீதிமன்றங்களில் 30 நாள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு வேண்டும். அதில் 'பார் கவுன்சில் முடிவுக்குக் காத்திருந்தேன்' என்று எழுதுவது மிகப் பலவீனமான காரணம். அதற்குள் டிகிரியை அமல்படுத்தக் கோரி எதிர்த்தரப்பு நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

வக்கீல் வராததற்கு அப்பாவிக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உடனே ஓடி வருகிறவருக்குத்தான் அது கைகொடுக்கும். முதலில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள், வேறு வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுங்கள், ரத்து மனுவைத் தாக்கல் செய்யுங்கள். புகார் அதற்குப் பிறகு.

கேஸ் கட்டு வரட்டும் என்று காத்திருப்பது

பாக்கி ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல் 97,100 ரூபாய் பாக்கி என்று கட்டுகளைத் தர மறுத்தார். அது தொழில் ஒழுங்கீனம்தான் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் இந்திய பார் கவுன்சில் விதித்த 18 மாதத் தடையை வெறும் கண்டிப்பாகக் குறைத்தது. குற்றம் நிரூபணமானாலே பெயர் நீக்கம்தான் என்று எண்ண வேண்டாம். கட்டைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பிவிட்டு, நீதிமன்ற நகல் பிரிவிலிருந்தே ஆவணங்களை வாங்கத் தொடங்குங்கள்.

தோற்றதையே குற்றமாக எழுதுவது

தவறான ஆலோசனையும் சாதாரணக் கவனக்குறைவும் மட்டும் ஒழுங்கீனம் ஆகாது. நேர்மைக்கேடு தெரிய வேண்டும். 'ஏமாற்றிவிட்டார்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, உதாரணமாக, விபத்து இழப்பீடு எந்தத் தேதியில் அவர் கைக்குப் போனது, எவ்வளவு, அதில் உங்களுக்கு வந்தது எவ்வளவு என்ற மூன்று வரி பலமானது. பணம் வழங்கிய உத்தரவின் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணையுங்கள்.

வெறும் கடிதமாக அனுப்புவது

மனுவாக இருக்க வேண்டும். கையொப்பம், உரிமையியல் நடைமுறைச் சட்டப்படியான சரிபார்ப்பு (மனுவில் உள்ளவை உண்மை என்ற உறுதிமொழி), கட்டணம் மூன்றும் தேவை. தமிழிலேயே எழுதலாம்.

வக்கீல் சங்கத்தில் மனுக் கொடுப்பது

சங்கத்தால் அந்த வக்கீலின் சங்க உறுப்பினர் பதவியைத்தான் பறிக்க முடியும், சன்னதை அல்ல.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது

வக்கீலின் சேவைக் குறைபாடு நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது.

வாபஸ் வாங்கினால் முடிந்துவிடும் என்று நினைப்பது

சமரசம் ஆனது என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிட விதி இடம் தருவதில்லை.

உத்தரவு வந்த உறையைத் தூக்கிப் போடுவது

புகார் தள்ளுபடியானால் இந்திய பார் கவுன்சிலுக்கு நீங்களும் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் 60 நாள். என்று கிடைத்தது என்பதற்கு அந்த உறையின் மேலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி.