டைட்டானியத்தில் ஒளிந்திருக்கும் குறை: சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலோகத்துக்குள் ஒலியலையைச் செலுத்தி, திரும்பும் எதிரொலியை வைத்துக் குறை தேடும் அல்ட்ராசோனிக் சோதனை முடிந்து "குறை எதுவும் தென்படவில்லை" என்று அறிக்கை வந்தால், பலர் அதைக் "குறையே இல்லை" என்று படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். டைட்டானியத்தில் இந்தத் தவறு உயிர்களை வாங்கியிருக்கிறது.

1989 ஜூலை 19 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் தரையில் மோதிச் சிதறியது. அதில் இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வால்பகுதி எஞ்சினின் விசிறி டிஸ்க் (விசிறி இதழ்களைத் தாங்கும் வட்டு) நடுவானில் உடைந்து, விமானத்தின் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்கச் செய்திருந்தது. அந்த டிஸ்க், 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியத்தால் ஆனது. உலோகத்தை உருக்கியபோதே உள்ளே தங்கிவிட்ட 'ஹார்ட் ஆல்ஃபா' என்ற குறையிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது.

ஹார்ட் ஆல்ஃபா என்பது நைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்து இறுகிப்போன ஒரு சிறு பகுதி. மாவில் கரையாமல் நின்ற கட்டி மாதிரி, சுற்றியுள்ள உலோகத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். எளிதில் உடையும். இதைத் தேடும்போதுதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. கருவியைச் சரிபார்க்க, தட்டையான அடிப்பாகம் கொண்ட, தெரிந்த அளவுத் துளை போட்ட ஓர் உலோகக் கட்டியைப் பயன்படுத்துகிறோம். 0.8 மில்லிமீட்டர் துளை திரையில் தெளிவாகத் தெரிகிறது. உடனே, அதே அளவு ஹார்ட் ஆல்ஃபாவும் தெரிந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். துளைக்குள் இருப்பது காற்று. அதில் படும் ஒலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பி வரும். ஹார்ட் ஆல்ஃபாவோ ஒலியைக் கடத்துவதில் சுற்றியுள்ள டைட்டானியத்தைப் போலவேதான் நடந்துகொள்ளும். கூடவே ஒரு வெற்றிடமோ விரிசலோ இல்லாவிட்டால், திரும்பி வரும் எதிரொலி மிகவும் மெலிதாக இருக்கும். ஆகவே துளையின் அளவு உங்கள் கருவி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். எந்த அளவு குறை அகப்படும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

எஃகு வெல்டுகளைச் சோதித்துப் பழகியவர்கள் இங்கே வரும்போது பழைய பழக்கத்தோடு வந்துவிடுகிறார்கள். எஃகில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 5,900 மீட்டர். டைட்டானியத்தில் சுமார் 6,100. எஃகுக் கட்டியில் அமைத்த கருவி, 100 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதை 3 மில்லிமீட்டர் மேலே காட்டும். சரி, இதையாவது திருத்திவிடலாம். பெரிய தொல்லை இரைச்சல்தான். டைட்டானியத்தின் படிகக் கட்டமைப்பு ஒலியைச் சிதறடித்து, திரையின் அடியில் புல் முளைத்தது போலச் சின்னச் சின்னக் கோடுகளைக் கொண்டுவரும். கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவைக், கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே உயரும். தடிமனான பில்லட்டை (பாகம் செய்வதற்கான உலோகப் பாளத்தை) ஒரே ப்ரோபால் (ஒலியை அனுப்பி வாங்கும் முனையால்) மேலிருந்து கீழ்வரை பார்த்து முடிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஆழத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் அதற்கென்று குவியம் அமைத்த ப்ரோபைத் தண்ணீருக்குள் வைத்து ஓட்டினால் குறையின் எதிரொலி இரைச்சலைத் தாண்டி நிற்கும். சரிபார்க்கும் கட்டியும் அதே கலவையில், அதே மாதிரிக் கட்டமைப்போடு இருக்க வேண்டும்.

ஒரே திசையில் பார்த்துவிட்டு நிறுத்துவதும் தவறு. ஃபோர்ஜ் செய்யும்போது, அதாவது சூடாக்கி அழுத்தி வடிவம் கொடுக்கும்போது, உலோகம் ஓடிய திசையில் குறையும் நீண்டு தட்டையாகும். ஒலிக்கற்றை அதன் விளிம்பில் பட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் திரும்பாது. எக்ஸ்ரேயை முழுமையாக நம்புவதும் கூடாது. மறுபடி உருக்கிய பழைய உலோகக் கழிவோடு சேர்ந்து வந்த டங்ஸ்டன் கார்பைடுத் துணுக்கு அதில் பளிச்சென்று தெரியும். அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லாத ஹார்ட் ஆல்ஃபா நழுவிவிடும். காந்தத் துகள் சோதனைக்கு இங்கே வேலையே இல்லை, டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது.

எந்தக் கட்டத்தில் சோதிக்கிறோம் என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு அல்ட்ராசோனிக்கில் தெரியாது. அதனால் கூடுதல் உலோகம் விட்டு, எளிய வடிவத்தில் சோதித்த பிறகே கடைசி வடிவத்துக்குக் கடைகிறார்கள். அது சரியான வழிதான். ஆனால் கடைந்து எடுத்தபின், புதிதாக வெளிவந்த பரப்பை அமிலத்தில் அரித்துப் பார்க்காமல் விடக்கூடாது. சூ சிட்டி டிஸ்கில் அரிப்புச் சோதனை இடைநிலை வடிவத்தில்தான் நடந்தது. கடைசி வடிவத்தில் செய்திருந்தால் குறை கண்ணில் பட்டிருக்கும் என்பது விசாரணைக் குழுவின் முடிவு.

விரிசலுக்குள் ஊறும் திரவத்தைப் பூசிப் பார்க்கும் பென்டிரன்ட் சோதனையும் அந்த டிஸ்கைக் கைவிட்டது. விபத்துக்கு 760 பறப்புகளுக்கு முன், 1988 ஏப்ரலில், அதை ஒளிரும் பென்டிரன்ட் பூசிப் பார்த்திருந்தார்கள். அப்போதே நடுத்துளையின் சுவரில் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் நீள விரிசல் இருந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். டிஸ்கைத் தொங்கவிட்ட கேபிள் அந்தத் துளை வழியாகவே போனது; சுற்றித் திருப்பாமல் அந்தச் சுவர் முழுவதையும் பார்க்க முடியாது. அங்கே விரிசல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இதற்காக ஒரு தனி மனிதரைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாகத்தை எப்படித் தொங்கவிடுவது, எங்கே பிடித்துத் திருப்புவது என்பதைச் செய்முறையிலேயே எழுதி வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

இன்னொரு வகைக் குறை இப்போது கவலை தருகிறது. 2017 செப்டம்பர் 30 அன்று, கிரீன்லாந்துக்கு மேலே ஏர் பிரான்ஸ் ஏ380 விமானம் ஒன்றின் விசிறி ஹப் (விசிறி இதழ்களைத் தாங்கும் நடுப்பகுதி) உடைந்தது. நல்ல வேளையாக எல்லோரும் உயிர் தப்பினார்கள். 2019இல் பனிக்கடியிலிருந்து தோண்டியெடுத்த துண்டில், விரிசல் மேற்பரப்புக்குக் கீழே தொடங்கியிருந்தது தெரிந்தது. அங்கே அந்நியப் பொருள் எதுவும் இல்லை; படிகங்கள் ஒரே திசையில் திரண்டு நின்ற ஒரு பகுதி மட்டுமே இருந்தது. இரைச்சல் ஓரிடத்தில் மட்டும் தூக்கலாக வந்தால் "அது வெறும் இரைச்சல்" என்று தள்ளிவிடாமல் இடம் குறித்து வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்புறம், பதிவேடு. சூ சிட்டி விசாரணையில், ஒரே வரிசை எண்ணோடு இரண்டு டிஸ்குகள் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அவற்றில் ஒன்று அல்ட்ராசோனிக் சோதனையில் சந்தேகம் எழுந்து ஒதுக்கப்பட்டதாகவும் குறிப்பு இருந்தது. ஸ்கேன் படத்தை முழுதாக, பாகத்தின் எண்ணோடும் உருக்கிய தொகுதி எண்ணோடும் சேர்த்து, அந்தப் பாகம் பறக்கும் கடைசி நாள்வரை வைத்திருங்கள்.