ஒரு கிராம் ஆர்ட்டீமியாவில் எத்தனை முட்டைகள்? வீட்டிலேயே கணக்கிடலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் வீட்டின் கார் ஷெட்டில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். குஞ்சுகளுக்கு உயிர்த்தீனி ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் குட்டி இறால் போன்ற உயிரி. அதன் உலர்ந்த முட்டைகளை டப்பாவில் வாங்கி வீட்டில் பொரிக்க வைக்கிறேன். அந்த முட்டை டப்பாவின் விலைக்கு ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடவே கை வராது. கிராமுக்கு எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனை பொரிக்கின்றன என்று தெரிந்தால் அளந்து போடலாம். பொதுவாகக் கிராமுக்கு இரண்டு முதல் மூன்று லட்சம் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். பக்கத்தில் வைத்தால் கசகசா பூசணிக்காய் போலத் தெரியும்.

வேண்டியவை: நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சிறிய தராசு, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சு, பூதக்கண்ணாடி, வெள்ளைத் தட்டு, மீன்தொட்டி ஏர் பம்ப், அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்திய 2 லிட்டர் குளிர்பான பாட்டில். சமையலறைத் தராசு வேண்டாம். அதற்கு அரை கிராமும் ஒன்றுதான், ஒன்றரை கிராமும் ஒன்றுதான்.

முதல் படி: ஊறவைத்தல்

ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கல்லுப்பைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றுங்கள். நீர்மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அரை கிராம் முட்டையைப் போட்டு, காற்றுக்குழாயைப் பாட்டிலின் கழுத்து வரை இறக்கி, இரண்டு மணி நேரம் கொதிப்பது போல் குமிழியிட விடுங்கள். உலர்ந்த முட்டை நசுங்கிய பந்து போல இருக்கும். ஊறியபின் உருண்டுவிடும், எண்ணுவதற்கும் சுலபம்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. குமிழி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாட்டிலின் நடு ஆழத்திலிருந்து அரை மில்லி உறிஞ்ச வேண்டும். ஒருமுறை லோட் ஷெட்டிங்கில் பம்ப் நின்றிருந்ததைக் கவனிக்காமல் மேல்தண்ணீரை எடுத்துவிட்டேன். பதினொன்றுதான் தேறியது. பெருக்கினால் கிராமுக்கு வெறும் 44,000! டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டையே போட்டுவிட்டேன். வீடு திரும்பிப் பாட்டிலைப் பார்த்தால், கழுத்தில் காப்பி மண்டி போல அத்தனையும் படிந்து கிடந்தன. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது இன்னொரு டப்பாவும் வாங்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் படி: எண்ணுதல்

சிரிஞ்சில் இருப்பதைத் தட்டில் சொட்டாக விடாமல் கோடாக இழுத்துவிடுங்கள். கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணிக்கொண்டே போகலாம். சொட்டில் எண்ணியதையே திரும்ப எண்ணுவோம். சிரிஞ்சின் உட்சுவரில் சில ஒட்டியிருக்கும். கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி, அதையும் தட்டிலேயே விட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஐந்து முறை.

நான் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்த எங்கள் ஆயா, “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், உனக்கு எதற்கு ஐந்து?” என்று கேட்டார். சோறு ஒரே சீராக வேகும் ஆயா, முட்டை ஒரே சீராக மிதப்பதில்லை.

எனக்குக் கிடைத்தவை 58, 66, 61, 70, 55. கூட்டினால் 310, சராசரி 62. அரை மில்லிக்கு 62 என்றால் மில்லிக்கு 124, லிட்டருக்கு 1,24,000. போட்டது அரை கிராம். ஆகவே கிராமுக்கு 2,48,000.

இதை எவ்வளவு நம்பலாம்? இப்படி எண்ணும்போது, எண்ணிய மொத்தத்தின் வர்க்கமூலம் அளவுக்குத் தற்செயலாகவே கூடலாம், குறையலாம். 310-இன் வர்க்கமூலம் சுமார் 18. அதாவது 6 சதவீதம். அதை இரட்டிப்பாக்கி இருபுறமும் விட்டால், உண்மையான எண் 2,20,000-க்கும் 2,76,000-க்கும் இடையில் இருக்க வாய்ப்பு மிக அதிகம். 55-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒன்று 20, இன்னொன்று 90 என்று வந்தால் மட்டும் பம்பைப் பாருங்கள்.

நான்காம் படி: பொரித்தவற்றை எண்ணுதல்

அதே பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில், 28 டிகிரியில், 24 மணி நேரம் வையுங்கள். வற்றிய நீரைக் கோடு வரை நிரப்பிவிட்டு மறுபடி ஐந்து மாதிரி. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிக் கூட்டமாக ஓடும். எனவே எடுக்குமுன் விளக்கை அணைத்து, குமிழி நன்றாகக் கலக்கும்வரை பொறுங்கள். தட்டில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நீந்துவது நிற்கும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகளை மட்டும் எண்ணுங்கள், பழுப்பு ஓடுகளை விட்டுவிடுங்கள். எனக்குச் சராசரி 44. 62-க்கு 44 என்றால் 71 சதவீதம். கிராமுக்கு 1,76,000 குஞ்சுகள்.

ஜூலைக் குளிரில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினால் பொரிக்க இரண்டு நாள்கூட ஆகும், அதுவரை எண்ணாதீர்கள். டர்பன் கோடையின் ஈரக்காற்றோ திறந்த டப்பாவுக்கு எமன். இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்காம் படியை மீண்டும் செய்து, புதிய சதவீதத்தை மூடியில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.