கூலன்ட் வெப்பநிலை சென்சார்: மாற்றுவதற்கு முன் சோதித்து அறியும் முறை

எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஈ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் வழியாகவே அறிந்துகொள்கிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க்கை எந்த நொடியில் தருவது, ஐடிலிங் வேகத்தை எவ்வளவு வைப்பது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓடவிடுவது என்பவற்றையெல்லாம் அந்த அளவைப் பார்த்தே அது முடிவு செய்கிறது. எனவே சென்சார் பொய் சொன்னால், பழுது வேறெங்கோ இருப்பதுபோலத் தோன்றும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்; நன்கு சூடேறிய எஞ்சினுக்கும் குளிர்ந்த எஞ்சினுக்குரிய பெட்ரோல் போய்க் கரும்புகை வரும், மைலேஜ் குறையும்; ஃபேன் நிற்காமல் ஓடும், அல்லது ஓட வேண்டிய வேளையில் ஓடாது.

இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் புதிய சென்சாரை வாங்கி மாட்டிவிடுவது சரியான வழி அன்று. கூலன்ட் குறைந்திருந்தாலும், ரேடியேட்டருக்குக் கூலன்ட் செல்வதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தாலும், கனெக்டருக்குள் பச்சை நிறத்தில் அரிப்பு ஏறியிருந்தாலும் இதே அறிகுறிகள்தாம் தோன்றும். ஈ.சி.யு.வில் உள்ள அளவுகளையும் பிழைக்குறியீடுகளையும் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர் ஆகிய மூன்றும் கையில் இருந்தால், தொடக்கநிலையில் இருப்பவரும் எது பழுது என்பதைப் பிரித்தறிந்துவிடலாம்.

வேலையைத் தொடங்கும் முன்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் தொட்டியின் அழுத்த மூடியையோ ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கைகளிலும் அடிக்கும். ரேடியேட்டர் ஃபேனும் எச்சரிக்கையின்றி ஓடத் தொடங்கக்கூடியது என்பதால், கை, தளர்ந்த உடை, ஒயர் எதுவும் அதன் அருகில் இருக்கக் கூடாது.

முதல் படி: கூலன்ட் அளவு

எஞ்சின் முழுவதும் ஆறியபின் கூலன்ட் அளவைப் பாருங்கள். சென்சாரின் முனை திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் அது காட்டும் எண்ணுக்குப் பொருள் உண்டு. முனையைச் சுற்றிக் காற்று சிக்கியிருந்தால் நல்ல சென்சாரும் தவறாகவே காட்டும். அளவு குறைந்திருந்தால் கசிவைச் சரிசெய்துவிட்டு, அதன்பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: விடியற்காலை ஒப்பீடு

எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். இதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. காரை இரவு முழுவதும் நிறுத்திவையுங்கள். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் படியுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிய எஞ்சினில் உலோகமும் கூலன்ட்டும் காற்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும் என்பதால், இரண்டு எண்களும் சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வெளிவெப்பநிலையைத் தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டால், மாறுபடுவது எந்தச் சென்சார் என்பதும் தெரிந்துவிடும். காற்று 25 டிகிரியாக இருக்கையில் கூலன்ட் 50 என்றோ 5 என்றோ காட்டினால், சென்சார் பக்கமோ அதன் ஒயரிங் பக்கமோ குறை இருப்பது உறுதி. கழித்தல் 40 டிகிரி என்று காட்டினால், சுற்று எங்கோ அறுந்திருக்கிறது.

டேஷ்போர்டு முள்ளை இதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பல கார்களில் அந்த முள் பரந்த வெப்பநிலை வரம்பு முழுவதற்கும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது; சில பழைய கார்களில் முள்ளுக்கென்றே தனிச் சென்சாரும் உண்டு.

மூன்றாம் படி: சூடேறும் போக்கு

இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்கேனரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வெப்பநிலை சீராக ஏறி, தெர்மோஸ்டாட் திறக்கும் 80 முதல் 95 டிகிரி வரையிலான பகுதியில் நிலைபெற வேண்டும். ஒரு நொடியில் 70 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு விழுந்து மீண்டும் எழுந்தால் அது மின்சுற்றின் கோளாறு. எந்த எஞ்சினும் அவ்வளவு விரைவில் குளிராது. ஆனால் நெடுந்தூரம் ஓட்டியும் 60 அல்லது 65 டிகிரியைத் தாண்டாமல் சீராகவே நின்றால், சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது; திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டை முதலில் சந்தேகிக்க வேண்டும். பி 0128 என்ற பிழைக்குறியீடும் பெரும்பாலும் இதையே சுட்டும்.

நான்காம் படி: கனெக்டரும் ஒயரும்

பி 0118 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிகுந்துள்ளது, அதாவது சுற்று அறுந்திருக்கலாம். பி 0117 என்றால் வோல்டேஜ் மிகக் குறைந்துள்ளது, அதாவது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம். இக்னிஷனை அணைத்துக் கனெக்டரைக் கழற்றி, அரிப்பு, ஈரம், வளைந்த பின் ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். பிறகு இக்னிஷனைப் போட்டு, ஒயர் பக்கக் கனெக்டரின் இரண்டு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 5 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டு ஒயர்கள் மட்டுமே உள்ள சென்சார்களுக்கே இது பொருந்தும்.

அடுத்து ஸ்கேனரைப் பாருங்கள். கனெக்டர் கழன்ற நிலையில் கழித்தல் 40 டிகிரி காட்டி, அதே இரு முனைகளையும் மெல்லிய ஒயரால் இணைத்ததும் எண் 120 டிகிரிக்கு மேல் தாவினால், ஒயரிங்கும் ஈ.சி.யு.வும் நலமாக உள்ளன. எஞ்சியது சென்சார் மட்டுமே. இந்தச் சோதனையின்போது ஃபேன் முழுவேகத்தில் ஓடத் தொடங்கலாம். சில கார்களில் ஈ.சி.யு. பழுதை உணர்ந்து தானே ஒரு மாற்று எண்ணைக் காட்டும் என்பதால், அங்கே மல்டிமீட்டர் காட்டும் வோல்டேஜையே நம்புங்கள். சில ஈ.சி.யு.க்கள் எஞ்சின் சூடேறும்போது உள் ரெசிஸ்டரை மாற்றிக்கொள்ளும். அப்போது சிக்னல் வோல்டேஜ் திடீரென உயர்வதைப் பழுதென்று எண்ணிவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: வெந்நீரில் ரெசிஸ்டன்ஸ்

எஞ்சின் ஆறிய நிலையில் சென்சாரைக் கழற்றுங்கள். வழியும் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் நச்சுத்தன்மை உடையது, அதன் இனிப்புச் சுவையால் வளர்ப்பு விலங்குகள் அதை நக்கிவிடக்கூடும். சென்சாரின் உலோக முனையை மட்டும் நீரில் மூழ்கவைத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் இணைத்து, நீரை மெதுவாகச் சூடாக்குங்கள். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைய வேண்டும். பல கார்களின் சென்சார்கள் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்டும். உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்களே இறுதியானவை. எண்கள் விலகினாலும், இறங்கும் வழியில் குதித்தாலும் சென்சாரை மாற்றலாம்.

புதியதை மாட்டும்போது சீலிங் வளையத்தையும் புதிதாகப் போட்டு, கையேடு கூறும் இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் உள்ள திருகு மறை எளிதில் கெட்டுவிடும். உரிய கூலன்ட்டை நிரப்பி, காற்றை வெளியேற்றி, பிழைக்குறியீட்டை அழித்துவிட்டு, மறுநாள் காலை இரண்டாம் படியின் ஒப்பீட்டை மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள்.