மண்ணிறத் தாளும் பேஸ்டலும்: பதின்ம வயதினரோடு சுகாதார ஆய்வு செய்வது எப்படி?

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வினாக்கொத்தைக் கொடுத்து "எத்தனை மணிக்குப் படுப்பாய்?" என்று கேட்டால், "10 மணி" என்று எழுதிவிட்டுப் போய்விடும். அந்தப் பிள்ளையின் இரவு எப்படிக் கழிகிறது என்று உங்களுக்குத் தெரியவே வராது. வரையச் சொல்லுங்கள், கதை வரும்.

யாழ்ப்பாணத்தில் ஓ.எல். (11ஆம் தரப் பொதுப் பரீட்சை) எழுதப்போகும் பிள்ளைகளின் நித்திரையையே உதாரணமாக எடுப்போம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது வைத்தியர்களின் பரிந்துரை.

முதலில் அனுமதி. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சொந்த விருப்பமும் வேண்டும். அம்மா கையெழுத்து வைத்துவிட்டார் என்பதற்காகப் பிள்ளையை இருத்தி வைக்காதீர்கள். பல்கலைக்கழக ஆய்வென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகே பிள்ளைகளைச் சந்திக்கலாம்.

சந்திக்கும் நாளை அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். பள்ளி விட்டால் ரியூஷன், ஞாயிறும் ரியூஷன். இடத்துக்கு ஊர் வாசிகசாலை நல்லது, ரோட்டால் போகிறவர்கள் எட்டிப் பார்க்காத அறையாக இருந்தால் சரி.

இனி உடல் வரைபடம். கொப்பிக்கு உறை போடும் மண்ணிறத் தாள்களை ஒட்டி, ஆள் நீளத்துக்கு விரியுங்கள். விரும்புகிறவர் படுக்க, தோழி சுற்றிக் கோடு இழுக்கட்டும். கூச்சப்படுபவர்கள் உருவத்தைக் கையால் வரையலாம். ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனிக் குழுவாக வைப்பது நல்லது. பிறகு ஒரே ஒரு கேள்வி: "நித்திரை போதாத நாளில் அது உடம்பில் எங்கே தெரியும்?" பேஸ்டலைக் கொடுத்துவிட்டு 40 நிமிடம் பேசாமல் இருங்கள். இதுதான் ஆகக் கஷ்டமான படி.

ஒரு பிள்ளை கண்களை வெறுமையாக விட்டுவிட்டு, வலது தோளில் மட்டும் சிவப்பை அழுத்தி அழுத்திப் பூசினாள். புத்தகப் பை பாரமாக்கும் என்று குறிப்பெழுதப் போனேன். கேட்டபோது, "தம்பி இந்தத் தோளில சாஞ்சாத்தான் நித்திரை கொள்ளுவான், அதுக்குப் பிறகுதான் நான் படிக்கலாம்" என்றாள். (அவளிடமும் அம்மாவிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் நானாக அர்த்தம் எழுதுவதில்லை. வரைந்தவர் சொன்ன சொல்லையே அப்படியே குறித்துக்கொள்கிறேன்.

அடுத்த கிழமை புகைப்படம். 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களின் கையில் கமராவைக் கொடுத்து கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்த முறை இது. இப்போது போனே போதும். தங்கள் நித்திரையைப் பற்றி ஆளுக்கு 5 படம், யாருடைய முகமும் விழக்கூடாது. மேசை விளக்கு, நுளம்பு வலை, விடியவே கேற்றடியில் நிற்கும் சைக்கிள் என்று வரும்.

அப்புறம் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒத்தவற்றை அவர்களே சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்களே பெயர் வைக்கட்டும். அந்தப் பெயர்களே உங்கள் அறிக்கையின் உபதலைப்புகள்.

யாராவது அழுதால் உடனே நிறுத்துங்கள். எந்த உளவளத்துணையாளரிடம் அனுப்புவது என்பதை முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும்.

கண்காட்சி வைப்பதானால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேளுங்கள். ஆய்வுக்குத் தந்த சம்மதம் சுவரில் மாட்டுவதற்குச் செல்லாது. அசல் தாளைச் சுருட்டி, ரப்பர் பான்ட் போட்டுப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அதன் புகைப்படம் போதும்.