கார்டு நுழையாத பர்ஸ்

இடவப்பாதி மழையில் நாகர்கோவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாரத்தில் ஒரு தோல் பர்ஸ் தைத்தேன், தையல் எல்லாம் அழகாகத்தான் விழுந்தது, ஆனால் ஏடிஎம் கார்டைச் செருகினால் அறை வாயிலேயே முட்டி நின்றுவிட்டது. கணக்கில் கோட்டை விட்டிருக்கிறேன். கார்டின் நீளம் 85.6 மி.மீ. நான் வெட்டிய தோல் 90. இரண்டு பக்கமும் 3 மி.மீ. உள்ளே தள்ளித் தைத்ததும் மிச்சம் 84தான். அப்புறம் எப்படி நுழையும்?

அடுத்த தடவை 98 வெட்டினேன். கார்டு சுகமாகப் போனது. ஆனால் மூன்று அறையும் முழுத் துண்டு, 1.2 மி.மீ. தோல், பின்தோலோடு சேர்த்து அடியில் நாலு அடுக்கு. மடித்தால் மூடவே இல்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கும் அண்ணாச்சி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில எதுக்கு இவ்வளவு தோலு?" என்றார். சரிதானே! மேலே வரும் இரண்டு அறைகளை ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் வெட்டி, அடியை மட்டும் பின்தோலோடு ஒரு வரி தைத்தேன். முன்னால் வரும் அறை மட்டும் முழுத் துண்டு. ஓரங்களை அவர் கத்தியிலேயே பாதி கனத்துக்குச் சீவினேன், ஒரு துண்டு கிழிந்தும் போனது.

முதல் பர்ஸ் இப்போது அம்மாவிடம், சில்லறை போட.