பிஜி கிராமத்துக்குப் போறீங்களா? தொப்பியைக் கழட்டிட்டு, கேட்டுட்டு உள்ள போங்க

முதல் தடவை ஒரு பிஜி கிராமத்துக்குள்ள போனப்ப நான் பண்ண தப்பு, ஒரு சின்னப் பையன் தலையைத் தடவிக் குடுத்தது. நம்ம ஊர்ல அது பாசம், ஆசீர்வாதம். பக்கத்துல இருந்த பாட்டி ஒண்ணும் சொல்லல, சிரிச்சுக்கிட்டே பையனை மெதுவா இழுத்து மடியில உக்கார வச்சுக்கிட்டாங்க. திரும்பி வர்ற வழியில கூட வந்த ஆபீஸ் நண்பர்தான் சொன்னாரு, இங்க தலைங்கறது உடம்புலயே உசந்த இடம், தொடக்கூடாதுன்னு. எனக்கு ரொம்ப சங்கடமாயிடுச்சு. அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். விருந்தாளி முகத்துக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்கன்னாரு.

இதுதான் பிஜியில இருக்குற கஷ்டம். தப்பு பண்ணா யாரும் திட்ட மாட்டாங்க, முகம் சுளிக்க மாட்டாங்க, அதனால நாம சரியாத்தான் நடந்துக்குறோம்னு நெனச்சுக்கிட்டே மாசக்கணக்குல இருந்துடலாம். நான் வேலை விஷயமா தலைநகர் சுவாவுல ரெண்டு வருஷம் இருந்தேன், அதுல முதல் ஆறு மாசம் இப்படித்தான் போச்சு. அப்புறம் ஒண்ணு புரிஞ்சுது, நம்மள மாதிரி வெளியாளுங்க பண்ற தப்புல பாதிக்கு மேல ஒரே இடத்துல இருந்துதான் வருது: கேக்காம நுழையுறது. ஊருக்குள்ள, வீட்டுக்குள்ள, கடலுக்குள்ள, ஒருத்தர் முன்னாடி குறுக்கே நடக்குறதுல கூட, அங்க கேட்டுட்டுத்தான் போகணும்.

பெரிய தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். ரோட்டோரமா அழகான கிராமம் தெரியுது, காரை நிறுத்தி எறங்கி போட்டோ எடுத்துக்கிட்டே உள்ள நடந்து போறது. கிராமம்ங்கறது அங்க பொது இடம் இல்லைங்க, மொத்த ஊரும் ஒரு வீடு மாதிரி. உள்ள போக ‘செவுசெவு’ குடுக்கணும். நாம நல்ல காரியத்துக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போனா வெத்தலை பாக்கு பழம்னு தட்டோட போறோம்ல, அந்த மாதிரி அவங்களுக்கு யங்கோனா வேர். இடிச்சுத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற இதை உலகம் முழுக்க காவான்னு சொல்றாங்க, பிஜியில பேச்சுவழக்குல எல்லாரும் ‘க்ரோக்’னுதான் சொல்வாங்க. சுவா மார்க்கெட்ல மாடிக்குப் போனீங்கன்னா வரிசையா இதான் விக்கிறாங்க. இங்க சிலபேர் தெரியாம இடிச்ச பவுடரை வாங்கிட்டுப் போயிடுவாங்க, அது சும்மா நண்பர்களோட குடிக்கத்தான், செவுசெவுக்கு முழு வேரா, ‘வாக்கா’ன்னு கேட்டு வாங்கணும். ஒரு அரைக் கிலோ கட்டு போதும், செவுசெவுக்குன்னு சொன்னா கடைக்காரங்களே பேப்பர்ல சுத்திக் கட்டித் தருவாங்க.

கிராமத்துக்குப் போனதும் துராங்கா நி கோரோ யாருன்னு கேளுங்க, அவர்தான் ஊர்ப் பொறுப்பாளர், அவர்தான் உங்களைத் தலைவர்கிட்ட கூட்டிட்டுப் போவாரு. பாய்ல உக்காரணும், ஆம்பளைங்க சம்மணம் போட்டு, பொம்பளைங்க காலை ஒரு பக்கமா மடக்கி. வேர்க்கட்டை கையில குடுக்காம முன்னாடி தரையில வைக்கணும். உங்களுக்காக ஒருத்தர் பேசுவாரு, அவங்க அதைத் தொட்டு ஏத்துக்கிட்டு பதில் சொல்வாங்க, கை தட்டுவாங்க. அது முடிஞ்சா நீங்க வெளியாள் இல்ல. அந்த ஊர்ல உங்களுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்க வேண்டியது அவங்க பொறுப்பு ஆயிடுது. அவ்வளவு பெரிய விஷயத்தை அரைக் கிலோ வேருக்குத் தர்றாங்க, இதை என்ட்ரி ஃபீஸ்னு நெனச்சுப் பணத்தை நீட்டுறவங்களைப் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் அந்த க்ரோக் குடிக்கிறது. தனோவான்னு கால் வச்ச பெரிய மரப் பாத்திரம், இடிச்ச வேரைத் துணியில வச்சுத் தண்ணியில பிசைஞ்சு பிழிவாங்க, சேத்துத் தண்ணி கலர்ல வரும். சில தனோவால முன்பக்கம் ஒரு கயிறு இருக்கும், நுனியில சோழி கட்டியிருக்கும், அது தலைவரைப் பாத்து நீட்டியிருக்கும். அந்தக் கயிறைத் தாண்டியோ குறுக்கயோ நடக்கவே கூடாது, தனோவா பக்கம் முதுகையும் காட்டக்கூடாது. தேங்காய்ச் சிரட்டையில ஊத்திக் குடுப்பாங்க, ஒரு தடவை கை தட்டி ‘புலா’ (நம்ம வணக்கம் மாதிரி) சொல்லி வாங்கி ஒரே மூச்சுல குடிச்சு, சிரட்டையைத் திருப்பிக் குடுத்துட்டு மூணு தடவை தட்டணும். டீ மாதிரி உறிஞ்சி உறிஞ்சி குடிக்காதீங்க, உங்களுக்கு அப்புறம் அதே சிரட்டைக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருப்பாரு. மண்ணும் மிளகும் கலந்த மாதிரி ருசி, நாக்கு கொஞ்ச நேரம் மரத்துப் போகும். சாராயம்னு நெனச்சுக்காதீங்க, போதை ஏறி ஆடுற விஷயம் இல்ல, உடம்பு தளர்ந்து பேச்சு மெதுவாகும், அவ்வளவுதான். ஆனா அதோட பீர் சேத்துக் குடிக்கிறதும், குடிச்சிட்டு வண்டி ஓட்டுறதும் வேணவே வேணாம். முதல் சிரட்டையை மறுக்காதீங்க. அடுத்த சுத்துக்கு ‘லோ டைட்’னு சொன்னா பாதிதான் ஊத்துவாங்க, போதும்னா போதும்னு சொல்லிடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

உடை விஷயம் சுருக்கமா. கிராமத்துக்குள்ள தொப்பி, கூலிங் கிளாஸ் கூடாது. தோள்ல மாட்டுன பையைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கங்க. தோளும் முட்டியும் மூடியிருக்கணும், மேல ஒரு சுலு சுத்திக்கிட்டா பிரச்சினையே இல்ல. சுலுன்னா நம்ம வேட்டி கைலி மாதிரிதான், கட்டத் தெரிஞ்ச நமக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல. பீச்ல இருந்து அப்படியே ஈரத்தோட, ஷார்ட்ஸோட கிராமத்துக்குள்ள வர்றதுதான் வெளிநாட்டுக்காரங்க அதிகமா பண்ற தப்பு.

உக்காந்திருக்குற ஒருத்தரைத் தாண்டிப் போகணும்னா, இல்ல அவர் தலைக்கு மேல இருக்குற ஒரு பொருளை எடுக்கணும்னா, நல்லா குனிஞ்சு ‘துலோ, துலோ’ன்னு, அதாவது மன்னிச்சுக்கங்கன்னு, சொல்லிக்கிட்டே போகணும். இந்த ஒரு வார்த்தையைக் கத்துக்கங்க. புலாவும், நன்றிங்கறதுக்கு வினாக்காவும் எல்லா டூரிஸ்ட்டும் சொல்லுவாங்க, துலோ சொல்ற வெளியாளைப் பாத்தா அவங்க முகத்துல வர்ற சந்தோஷமே வேற.

வார்த்தைன்னதும் உச்சரிப்பு ஞாபகம் வருது, இதுல தமிழ் பேசுறவங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு. 1835ல லகெம்பா தீவுக்கு வந்த டேவிட் கார்கில்ங்கற மிஷனரிதான் பிஜி மொழிக்கு இங்கிலீஷ் எழுத்துல ஸ்பெல்லிங் அமைச்சவரு. ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்துன்னு வச்சிட்டாரு, அதனால இங்கிலீஷ் மாதிரி படிச்சா தப்பாத்தான் வரும். டி (D) எழுத்துக்கு ‘ண்ட’ சத்தம், பி (B) எழுத்துக்கு ‘ம்ப’, க்யூவுக்கு ‘ங்க’. ஏர்போர்ட் இருக்குற ஊர் பேரு நாடி இல்ல, நாண்டி. பெகா தீவு இல்ல, ம்பெங்கா. சி எழுத்துக்கு, நாம ‘அது’ன்னு சொல்றப்ப வர்ற அந்த மெல்லிசான ‘த’ சத்தம். போயிட்டு வரேன்னு சொல்றதுக்கு மோசேன்னு சொல்லாதீங்க, மோதே. சிரட்டை காலியானதும் எல்லாரும் சத்தமா சொல்ற வார்த்தை மாதா, மாகா இல்ல. வண்டு, அம்பு, தங்கம்னு தினமும் சொல்ற நாக்குக்கு இதெல்லாம் தானா வரும், ஸ்பெல்லிங்கை நம்பாம காதை நம்புங்க.

சாப்பாடு. கிராமத்துல ஒரு வீட்டு வாசல் வழியா நடந்தா உள்ள இருந்து ‘மை கானா’ன்னு குரல் வரும், வந்து சாப்பிடுன்னு அர்த்தம். யாருன்னே தெரியாதவங்களையும் கூப்பிடுவாங்க. கேக்காத மாதிரி போறது தப்பு, நின்னு வினாக்கா சொல்லிட்டாவது போகணும். உள்ள போய் உக்காந்தீங்கன்னா இன்னொரு தப்பு காத்திருக்கு, இதை நான் ரொம்ப லேட்டாத்தான் கவனிச்சேன். பாய் மேல நீளமா துணி விரிச்சு டாலோ, மரவள்ளி, மீன், தேங்காப்பால்ல வெந்த கீரைன்னு வச்சாங்க, நானும் கூட வந்த ரெண்டு பேரும் சாப்பிட்டோம், வீட்டுக்கார அம்மா பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டே இன்னும் சாப்பிடு இன்னும் சாப்பிடுன்னாங்க. நல்லாயிருக்குன்னு மீனை முழுசா முடிச்சிட்டேன். அப்புறம் நாங்க எழுந்ததும் அந்த அம்மாவும் மூணு பிள்ளைங்களும் அதே துணியில அதே பாத்திரத்துல மிச்சத்தை வச்சு உக்காந்தாங்க, மீன் சட்டியில முள்ளுதான் இருந்துச்சு. அவங்க முகத்துல ஒரு சின்ன வருத்தம்கூட இல்ல. எனக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் அந்தச் சட்டி கண்ணு முன்னாடி நிக்குது. விருந்தாளி முதல்ல, வீட்டாளுங்க அப்புறம், அதனால எப்பவும் மிச்சம் வைங்க.

சைவம் சாப்பிடுறவங்க பயப்பட வேணாம். டாலோங்கறது நம்ம சேப்பங்கிழங்கு இனம்தான், அளவுல ரொம்பப் பெருசு, அதோட இலையைத் தேங்காப்பால்ல வேக வச்சா ரௌரௌ. ஆனா முன்னாடியே சொல்லிடுங்க, இலை போட்டு உக்காந்ததுக்கு அப்புறம் சொன்னா அவங்க துடிச்சுப் போயிடுவாங்க.

‘கெரெகெரே’ன்னு ஒரு வழக்கம் இருக்கு. வேணும்னா சொந்தக்காரங்ககிட்ட, ஊர்க்காரங்ககிட்ட கேக்குறது, கேட்டா குடுக்குறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து உப்பு கேப்பாரு, கத்தி கேப்பாரு, உங்க செருப்பைக்கூட கேப்பாரு. ஏமாத்துறாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, உங்களையும் அந்த வட்டத்துக்குள்ள சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், நாளைக்கு நீங்களும் அவர்கிட்ட போய்க் கேக்கலாம். முடியலைன்னா பக்குவமா காரணம் சொல்லலாம். இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு: அவங்க வீட்டுல இருக்குற பாயையோ விசிறியையோ ஆஹா ஓஹோன்னு புகழாதீங்க, எடுத்துக் கையில குடுத்துடுவாங்க. ஒரு பாய் பின்ன எத்தனை நாள் ஆகும்னு யோசிங்க.

இப்ப கடல். யாருமே இல்லாத பீச், தெளிவான தண்ணி, குதிக்கலாம், மீன் பிடிக்கலாம்னு தோணும். ஆனா கரையோரக் கடலுக்கும் பாறைத்திட்டுக்கும் ‘ங்கோலிங்கோலி’ன்னு பேரு, எந்தப் பகுதியில எந்த வம்சத்துக்கு மீன் பிடிக்கிற உரிமைன்னு பரம்பரையா இருக்கு. நிலமும் அப்படித்தான், நாட்டுல கிட்டத்தட்ட 10ல 9 பங்கு நிலம் இதௌக்கேங்கற பூர்வகுடி மக்களோட கூட்டுச் சொத்து, குத்தகைக்கு விடலாமே தவிர விக்க முடியாது. நிலம், அதுல வாழுற ஜனம், அவங்க வழக்கம் எல்லாத்துக்கும் சேத்து ‘வனுவா’ன்னு ஒரே வார்த்தைதான். அதனால ஆள் இல்லாத இடம்னு ஒண்ணு அங்க இல்ல, பக்கத்து கிராமத்துல கேட்டுட்டு எறங்குங்க. யாராவது ஊர்ப் பெரியவர் இறந்துட்டா ஒரு பகுதிக் கடலை மாசக்கணக்குல மூடி வைக்கிற வழக்கமும் இருக்கு, அது உங்களுக்கு எப்படித் தெரியும், கேட்டாத்தான் தெரியும்.

நம்மாளுங்க மட்டுமே பண்ற ஒரு தப்பு இருக்கு, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். பிஜி இந்தியர்களைப் பாத்ததும் ‘நீங்க இந்தியாவுல எந்த ஊரு?’ன்னு கேக்குறது. 1879 மே 14ல லியோனிடாஸ் கப்பல் கல்கத்தாவுல இருந்து முதல் கூலி ஒப்பந்தக்காரங்களோட வந்துச்சு, 1916 வரைக்கும் 60,000 பேருக்கு மேல வந்தாங்க, 1903ல இருந்து மெட்ராஸ்ல இருந்தும் ஏத்துனாங்க. அக்ரிமெண்ட்ங்கற வார்த்தைதான் அவங்க வாயில கிர்மிட் ஆச்சு. நாலு அஞ்சு தலைமுறை ஆயிடுச்சு, அவங்க ஊரு பிஜியிலயே இருக்குற ம்பா, இல்லன்னா லம்பாசா, ராகிராகி. நாயுடு, பிள்ளை, கவுண்டன்னு பேரைப் பாத்ததும் தமிழ்ல பேச ஆரம்பிக்காதீங்க, பெரும்பாலும் பிஜி ஹிந்திதான் தெரியும், தமிழ் தெரியலையான்னு ஆச்சரியப்பட்டா அவங்களுக்கு வலிக்கும். மொழி போயிருக்கலாம், ஆனா விட்டுடல. 1926ல நாண்டியில ஆரம்பிச்ச தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்னைக்கும் பள்ளிக்கூடங்கள் நடத்துது. நாண்டி முருகன் கோயில் கோபுரம் மெயின் ரோட்டுலயே தெரியும். சுவா மாரியம்மன் கோயில்ல வருஷா வருஷம் தீ மிதிக்கிறாங்க, அங்க இருந்து கொஞ்ச தூரத்துக் கடல்ல ம்பெங்கா தீவு சவாவு மக்கள் பழுக்கக் காய்ஞ்ச கல்லு மேல நடக்குறாங்க. ரெண்டையும் பாருங்க, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு ஒப்பிடாதீங்க. 1987, 2000, 2006 ஆட்சிக் கவிழ்ப்புகளைப் பத்தியும் நீங்களா கிளறாதீங்க, அதனால குடும்பம் குடும்பமா பிரிஞ்சு வெளிநாடு போனவங்க இருக்காங்க, அவங்களே சொன்னா உக்காந்து கேளுங்க.

இன்னும் சில சின்ன விஷயம். ஞாயித்துக்கிழமை கிராமத்துக்குப் போகாதீங்க, அன்னைக்கு சர்ச்சும் குடும்பமும்தான், யாராவது கூப்பிட்டா மட்டும் சர்ச்சுக்குப் போங்க, அந்தப் பாட்டை ஒரு தடவையாவது கேக்கணும். கேள்வி கேட்டா புருவத்தை மட்டும் தூக்குவாங்க, அதுக்கு ஆமான்னு அர்த்தம், பதிலே சொல்லலைன்னு திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. கருவேப்பிலை, விதை, நெய், கருவாடுன்னு பெட்டியில எது இருந்தாலும் ஏர்போர்ட் ஃபார்ம்ல எழுதிடுங்க, தீவுக்குப் பூச்சி நோய் வந்துடக்கூடாதுன்னு ரொம்பக் கண்டிப்பா பாப்பாங்க. தம்புவாங்கற திமிங்கலப் பல்லை ஞாபகார்த்தமா வாங்கிப் பெட்டியில வைக்காதீங்க, பர்மிட் இல்லாம நாட்டை விட்டுக் கொண்டு போக முடியாது, தவிர அது கல்யாணம், சாவு, மன்னிப்பு கேக்குறதுன்னு பெரிய காரியங்கள்ல கை மாறுற பொருள்.

கடைசியா, கெளம்புறப்ப பண்ற தப்பு. கிராமத்துல நாலு நாள் தங்கிட்டு காலையில போட் வந்ததும் கையை ஆட்டிட்டு ஏறிடுறது. வர்றதுக்குக் கேட்ட மாதிரி போறதுக்கும் கேக்கணும், அதுக்கு ‘இதாதௌ’ன்னு பேரு, அதுக்கும் யங்கோனாதான். அதனால சுவா மார்க்கெட்ல வாங்குறப்பவே ரெண்டு கட்டா வாங்கிக்கங்க, சின்னத் தீவுகள்ல கடையில கிடைக்காமப் போயிடும். முதல் நாள் ராத்திரியே ரெண்டாவது கட்டைக் கொண்டு போய் பாய் மேல வச்சிடுங்க, காலையில போட்டுக்கு அவசரமா ஓடுறப்ப அதுக்கு நேரம் இருக்காது.